பேக்கில் வந்த பத்தி

காலைல ரயில் கல்யாண் ஸ்டேஷனைத் தாண்டினதும் ட்ரெக்கிங் பேக்கைத் திறந்தேன். மல்லிகை வாசனை. மேலேயே ஒரு ஊதுபத்திப் பாக்கெட்.

குகைக்குள்ள இறங்கப் போற ட்ரிப். நெத்தியில மாட்டுற ஹெட்லேம்ப் இல்லாதவங்க வெளியவே உக்காரணும்னு லீடர் முன்னாடியே சொல்லியிருந்தார்.

கிளம்புற அவசரத்துல வீட்டுக்காரர்கிட்ட, "பத்தியை மட்டும் மறக்காம பேக்ல போட்டுடுங்க"ன்னேன். பம்பாய் செம்பூர்ல இந்தி கலந்து பேசியே வளர்ந்த எனக்குப் பத்தின்னா லைட்டு. அவர் திருநெல்வேலிலேர்ந்து பம்பாய் வந்து ஒரு வருஷம்தான் ஆகுது.

போன் பண்ணினேன். "நான் கேட்டது லைட்டுங்க."

"அப்ப லைட்டுன்னுல்லா சொல்லணும். குகைல கோயில் இருக்கும், நீ சாமிக்குக் கேக்குதன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகையே வந்துருச்சு. ஒரு வாரமா ரெண்டு ஹெட்லேம்பை வச்சு வீட்ல சண்டை. எனக்குப் பிடிச்சது சார்ஜ் போடுறது, வெளிச்சம் அதிகம். அவருக்குப் பென்சில் செல் போடுறது. "குகைக்குள்ள சார்ஜரை எங்க சொருகுவ?"ன்னு அதையே திருப்பித் திருப்பிக் கேப்பார். இப்ப ரெண்டுமே கையில இல்ல.

"எதுக்கு மூக்க உறிஞ்சுத? லைட்டு நேத்தே வச்சாச்சு. அடியில பாரு."

டிபன் டப்பாவுக்குக் கீழ, என் சாக்ஸுக்குள்ள சுத்தி, ரெண்டு ஹெட்லேம்பும் இருந்துச்சு. கூடவே பென்சில் செல் ஒரு பாக்கெட்.

"எது கடைசி வரைக்கும் எரியுதுன்னு நீயே பாத்துட்டு வா."

அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. ஊதுபத்தியும் வீணாகாது, வௌவால் நாத்தத்துக்கு ஆகும்.

உங்க வீட்ல எப்படி? பத்தின்னா ஏத்துறதா, போடுறதா?