என் வேனும் கரும்புப் பெட்ரோலும்

போடிமெட்டு ஏறும் சாலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் என் வேன் நின்றுபோனது. நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்கள் நான்கு பேர் உள்ளே இருந்தார்கள். கைபிரேக்கை இழுத்துப் பிடித்தேன். அவர்கள் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். பின்னால் வந்த ஜீப்புக்காரர் தலையை நீட்டி, "பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்பிடித்தான்" என்று கத்திவிட்டு ஒதுங்கிப் போனார்.

அந்தப் பழைய வேன் என் சம்பாத்தியத்தில் வாங்கியது. அதற்கு முன் ஜீப்பில் ஆள்மேல் ஆளாக மடங்கி உட்கார்ந்து போவோம். அவசரம் என்றாலும் ஜீப்புக்காரருக்கு மனசு வந்தால்தான் மலையிறங்க முடியும். வேன் வந்த பிறகுதான் நாங்கள் ஐந்து பேரும் கால் நீட்டி உட்கார்ந்தோம்.

போடியிலிருந்து மெக்கானிக் வந்தார். வந்ததும் வராததுமாக, "கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே ஓட்டுவீகளாக்கா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மொதல்ல தெறந்து பாருங்க" என்றேன்.

திறந்தார். பெட்ரோல் போகும் ரப்பர் குழாய் ஊறி உப்பியிருந்தது. டேங்கிலிருந்து பாட்டிலில் பிடித்துப் பார்த்தால் அடியில் தண்ணீர் தனியாக நின்றது.

"இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலந்துதான வருது. கரும்புல எடுக்குற சாராயம். ஈரத்த இழுத்துக்கிரும், பழைய ரப்பர அரிச்சிரும். மழையில வண்டி சும்மா நின்னுச்சோ?"

நின்றதுதான். அடைமழையில் ஒரு வாரம் தோட்டத்திலேயே நிறுத்தியிருந்தேன். மலையில் மழை பெய்யாமல் வேறெங்கே பெய்யும்?

குழாயை மாற்றி, டேங்கைக் கழுவி, வேனை இறக்கினோம். நேரே பெட்ரோல் பங்குக்குப் போய், கலக்காத பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டேன். பெட்ரோல் போடுகிறவர் சிரித்தார். "எங்க போனாலும் இதேதாங்க்கா. விவசாயிக்கு நல்லதாம்ல."

நானும் விவசாயிதான். ஏலக்காயில் எதையாவது கலந்து விற்றால் என்னைச் சும்மா விடுவார்களா? கரும்பு போட்டவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் என் வண்டிக்கு இது சேருமா என்று ஒரு வார்த்தை கேட்க நாதியில்லை. காசு மட்டும் முழுசாக வாங்கிக்கொள்கிறார்கள்.

வீட்டில் இதையெல்லாம் சொன்னேன். என் வீட்டுக்காரர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "டேங்க் மூடிய நீ ஒழுங்கா மூடியிருக்க மாட்ட. ஒனக்கு எதுக்கு இந்தச் சோலி? வித்துருவோம். தரகர நாளைக்குச் சாயங்காலம் வரச் சொல்லிட்டேன்."

என்னைக் கேட்காமல், என் வண்டிக்குத் தரகர்! அன்று நான் சாப்பிடவில்லை.

மறுநாள் அவர் சிலமலைக்குத் தன் பழைய பைக்கில் போனார். மத்தியானம் வேர்க்க விறுவிறுக்க அதைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் சாத்தினார். மெக்கானிக் பார்த்துவிட்டாராம், அதே குழாய், அதே ஊறல், சாமான் வர இரண்டு நாள் ஆகுமாம்.

"கருமம் புடிச்ச பெட்ரோலு! என்னத்தக் கலந்து தொலைக்கிறானுகளோ, நல்ல வண்டிய நாசம் பண்ணிட்டானுக" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆமாம் ஆமாம் என்று அரசாங்கத்தைத் திட்டினார்கள். ஓட்டியவரை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

"மூடிய ஒழுங்கா மூடுனீகளா?" என்று கேட்டேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் வந்த தரகரை நானே வாசலோடு அனுப்பினேன். படுக்கப் போகும்போது என் வீட்டுக்காரர், "காலைல மெட்டுல ஒரு வேல இருக்கு. என்னைய எறக்கி விட்டுட்டுப் போறியா?" என்றார்.

"வாங்க. முன் சீட்டுல ஆளிருக்கு" என்றேன்.

காலையில் அவர் பின்னால், காய் எடுக்கும் பெண்களுக்கும் சாக்குக் கட்டுக்கும் நடுவே, கால் மடக்கி உட்கார்ந்து வந்தார். அந்த வளைவு வந்தபோது கண்ணாடியில் பார்த்தேன். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். கியரை மாற்றி ஏற்றினேன்.