நல்ல கண்ணுக்கு ஒட்டிய பிளாஸ்திரி

பாவாடைக்குப் பயம் அதிகம் என்பது உப்பளத்தில் எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். மேற்கே ஒரு மின்னல் வெட்டினால் போதும், உப்பு வாரும் பலகையைப் பாத்தியிலேயே போட்டுவிட்டு ரோட்டைப் பார்க்க ஓடுவான். வரப்பில் அரணையைக் கண்டால் நாலு பாத்தி சுற்றிப் போவான். “டேய் பாவாடை, உன் மச்சான் வர்றான் பாரு” என்று கூட வேலை செய்யும் கலியபெருமாள் கத்தினால், வருவது அரணைதான் என்று புரிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமலே காலைத் தூக்கிக்கொள்வான்.

பதினேழு வயதில் உப்பளத்தில் இறங்கியவனுக்கு இப்போது முப்பத்தாறு. இதெல்லாம் சில்லறைப் பயங்கள். பெரிய பயம், மகள் தனுஷ்காவுக்கு ஆறு வயது முடிந்தபோது வந்தது.

பள்ளிக்கூடத்துக் கண் பரிசோதனையில் அவளுடைய இடது கண் மங்கல் என்று எழுதிக் கொடுத்தார்கள். புதுச்சேரியில் காட்டினார்கள். மூளை அந்தக் கண்ணைச் சட்டை செய்வதில்லை என்றார் டாக்டர். கண்ணாடி போட வேண்டும். தினம் ஆறு மணி நேரம், நல்ல கண்ணைப் பிளாஸ்திரி ஒட்டி மூட வேண்டும். அப்போதுதான் மங்கல் கண் வேலை செய்யும். எட்டு வயதுக்குள் முடித்தால் நல்லது.

மனைவி யுவராணி விடிந்ததும் கம்பெனி வேனில் போனால் மாலை ஐந்து மணிக்குத்தான் திரும்புவாள். இருட்டோடு உப்பு வாரப் போகும் பாவாடை பதினோரு மணிக்கு வீடு வந்துவிடுவான். பள்ளிக்கூடம் கோடை விடுமுறை. ஆகவே ஒட்டுகிற வேலை அவனுடையதாயிற்று.

அந்த வாரம்தான் ஜான்சி உப்பளத்துக்கு வந்தாள். காலேஜில் ஆராய்ச்சி செய்கிற பெண். உப்புக் குவியல் மேல் மூடிய கீற்றுக்கடியில் அரணை பிடிக்க வந்திருந்தாள். பாவாடை இரண்டு ஆள் தூரத்தில் நின்று கம்பால் கீற்றைத் தூக்கிக் கொடுத்தான்.

“மேடம், அரணை கடிச்சா மரணம்னு சொல்வாங்க.”

“இதுக்கு விஷமே இல்லண்ணா. இதோட கால பாருங்க, எவ்ளோ குட்டி. சில சாதிக்குக் காலே கிடையாது.” போனில் ஒரு மீனைக் காட்டினாள். வெளிறிய மீன். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். “இது குகைக்குள்ள இருக்குற மீனு.”

“கண்ணு எங்க போச்சு?”

“இருட்டுல கண்ணுக்கு இன்னாண்ணா வேலை? வேலை இல்லாதது போயிடும்.”

பாவாடையின் கையிலிருந்த கம்பு நழுவியது. அன்று மத்தியானம் பிளாஸ்திரியைக் கையில் எடுத்தவனுக்கு, மகளின் நல்ல கண் மேல் அந்தத் தோல் மூடிக்கொண்டு வருவதாகவே தெரிந்தது. ஒன்று ஏற்கெனவே மங்கல். இதுவும் போய்விட்டால்?

ஒட்டவில்லை. மறுநாளும் ஒட்டவில்லை. சாயங்காலம் வேன் சத்தம் கேட்டதும், “அப்பா, அம்மா வந்துட்டாங்க, ஒட்டு ஒட்டு” என்று தனுஷ்காவே முகத்தை நீட்டுவாள். அவளுக்கு அது விளையாட்டு.

முப்பத்தெட்டாம் நாள் டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. “ஒரு வரிகூட ஏறல. வீட்ல ஒட்டுறீங்களா, இல்லையா?”

“மாரியாத்தா சத்தியமா தினம் ஒட்டுறோம் சார்” என்றாள் யுவராணி.

குழந்தை அப்பாவைப் பார்த்தது. பாவாடை சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

மறுநாள் ஜான்சியைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ அண்ணா, நான் அரைகுறையா சொல்லிட்டேன். மூடி வெச்சதால எந்த மீனுக்கும் கண்ணு போகல. முட்டைக்குள்ள கண்ணு உருவாக ஆரம்பிக்கும், அப்புறம் தானா கரைஞ்சிடும். அது ஜீன்லயே மாறிப்போனது, ஆயிரக்கணக்கான தலைமுறையா. அத வெயில்ல வளர்த்தாலும் கண்ணு வராது. அதே சாதியில ஆத்து மீனு இருக்குது. அதோட குஞ்ச இருட்டுல வளர்த்தாலும் கண்ணோடதான் வளரும்.”

“எம் பொண்ணு?”

“பாப்பா ஆத்து மீனுண்ணா. ஆனா கண்ணு வைத்தியம் எனக்குத் தெரியாது. டாக்டர் சொன்ன நேரம் ஒட்டுங்க. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்.”

அன்று சாயங்காலம் யுவராணி செருப்பைக் கழற்றுமுன்பே சொல்லிவிட்டான். அவள் கத்துவாள் என்று நினைத்தான். “முப்பத்தெட்டு நாளா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு, “சத்தியம் பண்ணேனே, யோவ்” என்றாள்.

இப்போது பதினோரு மணிக்குப் பிளாஸ்திரி ஏறிவிடுகிறது. முதல் நாள் தனுஷ்கா தண்ணீர்க் குடத்தில் முட்டிக்கொண்டு அழுதாள். பாவாடை அவளை எதிரே உட்காரவைத்து, தட்டில் ஒரு பிடி உப்பைப் பரப்பி, அதில் கிடக்கும் கறுப்பு மண்துகள்களைப் பொறுக்கச் சொன்னான். அன்று இரண்டு எடுத்தாள். பத்து நாள் கழித்து ஒன்பது.

ஐந்து மணிக்குப் பிளாஸ்திரியை உரிக்கிறான். ஜான்சி சொன்னது மண்டைக்குப் புரிகிறது, கைக்குப் புரியவில்லை. மங்கல் கண்ணைத் தன் உள்ளங்கையால் மறைத்து, நல்ல கண்ணுக்கு நேராக விரலைக் காட்டுகிறான்.

“எத்தினி?”

“மூணு. தினமும் மூணுதான்பா காட்டுற.”

அவசரமாக ஒரு விரலை மடக்குகிறான்.

“இப்போ?”

“ரெண்டு. நீ ஏம்பா அழுவுற?”

அடுத்த மாதம் பத்தாம் தேதி மறுபடி டாக்டர்.