உண்ணாமலை ரேகை வைத்த வெள்ளைத்தாள்

உண்ணாமலைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எண்பதுகளில் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லில் வேலைக்குச் சேர வந்த எந்தப் பெண்ணும் அவளிடம் காட்டாமல் ஒரு காகிதத்திலும் கைரேகை வைத்ததில்லை. படிக்கத் தெரிந்த யாரையாவது கூப்பிட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படிக்கச் சொல்வாள். பிறகு கடைசி வரிக்குக் கீழே சுண்டுவிரலைப் படுக்க வைத்து, "இந்த அளவுக்குக்கூட இடம் வுடாத. ஒட்டி வை" என்பாள். வாச்மேன் ராஜேந்திரன் அவளுக்கு வக்கீலம்மா என்று பேர் வைத்திருந்தான். கிண்டல் செய்துவிட்டுப் போகட்டும். அந்த விரலகல இடத்துக்காக மூன்று வருஷம் நடையாய் நடந்தவள் அவள்தான், ராஜேந்திரன் இல்லை.

அடி அண்ணாமலையில் பிறந்தவள். டவுனில் ஜட்கா ஓட்டும் வேணுவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அறுபத்தெட்டில் மில்லில் சேர்ந்தாள். தோல் நீக்கிய மல்லாட்டைப் பயறில் சொத்தையும் கல்லும் பொறுக்கிச் சுத்தம் செய்கிற வேலை. சேர்ந்த அன்று கணக்குப்பிள்ளை ஆதிமூலம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். தலையில் ஒரு பிள்ளையார் சுழி, அவ்வளவுதான். தாளின் அடியில் விரலால் தட்டிக் காட்டி, "இங்க வைம்மா. எல்லாரும் வைக்கிறதுதான்" என்றார். எல்லாரும் வைப்பது உண்மைதான். உண்ணாமலை பிள்ளையார் சுழியைப் பார்த்து மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே ரேகையை வைத்தாள். தாள் அவர் மேஜைக்குள் போனது, அவளும் அதை மறந்து போனாள்.

ஆதிமூலம் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. முதலாளி சொன்னதைச் செய்கிறவர், சம்பளத்துக்கு வேறு என்ன செய்வார்? அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. அஷ்டமியிலும் நவமியிலும் எந்தக் காகிதத்திலும் தேதி போட மாட்டார். அந்த இரண்டு நாளும் வரும் சரக்கு ரசீதுகளைக் கொத்தாக அடுக்கி வைத்து, தசமியன்று நல்ல நேரம் பார்த்து எழுதுவார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார், மனுஷர் அசைய மாட்டார்.

எழுபத்தேழு ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூட்டை ஒன்று காணோம் என்று பேச்சு கிளம்பியது. திங்கட்கிழமை கடைசியாகக் கிளம்பியவள் உண்ணாமலை. மூட்டை கிடைக்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. எண்பது கிலோ மூட்டையை இடுப்பில் செருகிக்கொண்டா போனாள் என்று கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. புதன்கிழமை மூன்று மணிக்குப் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில் உட்கார்த்தி வைத்தார்கள். டவாலி வந்து மூன்று தரம் பெயர் சொல்லிக் கூவினான். அண்ணாமலையார் கோயில் அம்மன் பெயரான தன் பெயரை இப்படி ஒரு திருட்டுக் கேஸுக்காகக் கூவவேண்டி வந்ததே என்று அவளுக்கு அழுகை முட்டியது. பக்கத்து வீட்டுக் காசியம்மாள் வீட்டுவரி ரசீதோடு வந்து ஜாமீன் நின்றாள். எல்லாம் முடிந்து வெளியே வர சாயங்காலம் ஐந்து மணி.

அடுத்த வருஷம் கேஸ் தள்ளுபடி ஆனது. சந்தேகம் இருக்கலாம், சந்தேகம் சாட்சி ஆகாது என்று மாஜிஸ்திரேட் சொல்லி விடுதலை செய்தார். மறுநாளே சோற்றுத் தூக்கோடு மில்லுக்குப் போனாள். கேட்டருகே முதலாளி நின்றிருந்தார்.

"கோர்ட்டு இன்னா சொல்லுச்சு? ஜெயிலுக்குப் போவ வேணாம்னு சொல்லுச்சு. மில்லுக்கு வான்னு சொல்லுச்சா?"

தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்து, சோற்றைக் காசியம்மாளோடு பங்கு போட்டுத் தின்றாள். வயிறு நிறைந்தது, மனசு ஆறவில்லை. ஊரில் அவளைப் பற்றி ஒன்றுதான் பேச்சு. திருடவில்லை என்றால் ஏன் திரும்பச் சேர்க்கவில்லை? கோர்ட் கொடுத்த விடுதலையை அந்த ஒரு கேள்வி தின்றுவிட்டது. வேலை கிடைத்தால்தான் பெயரும் திரும்பும்.

அப்போதுதான் செங்கம் ரோட்டில் சைக்கிள் கடை மாடியில் ஞாயிறு காலை சட்ட வகுப்பு என்று காசியம்மாள் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். பீடி சுற்றுகிறவர்கள், ஓட்டலில் மேஜை துடைக்கிறவர்கள், பஸ் கிளீனர்கள் என்று இருபது பேர் கோரைப்பாயில் உட்கார்ந்திருப்பார்கள். நடத்தியவர் பசுபதி, இருபத்தேழு வயசு வக்கீல். கோயிலில் பூஜை செய்கிற குருக்கள் வீட்டுப் பிள்ளை. முறை போட்டுப் பூஜை செய்யவேண்டியவன் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு திரிகிறான் என்று சொந்தக்காரர்களுக்கு அவர்மேல் மனத்தாங்கல் இருந்தது.

முதல் நாள் அவர் கேட்டார். "ஒருத்தரைப் பிடிச்சா எத்தனை மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும்?"

"என்னை மறுநாள் காத்தாலயே கொண்டு போயிட்டாங்க சார்" என்றாள் உண்ணாமலை.

"இருபத்துநாலு மணி நேரம். உங்க விஷயத்துல அதைச் சரியாத்தான் பண்ணியிருக்காங்க."

தன்னைப் பிடித்துக்கொண்டு போனதிலும் ஒரு முறை இருந்திருக்கிறது என்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் இன்னும் புரிந்தது. திருட்டுக் கேஸ் சர்க்காருக்கும் அவளுக்கும் நடந்தது. அங்கே குற்றத்தை நிரூபிப்பது சர்க்கார் பாடு, நிரூபிக்காதவரை அவள் நிரபராதி. வேலை விவகாரம் அப்படியில்லை, அது முதலாளிக்கும் அவளுக்கும் உள்ளது. விடுதலையானால் வேலை தானாகத் திரும்பி வராது. ஆனால் வேலையை விட்டு நீக்கும் முன் குற்றத்தை எழுதிக் கொடுத்து, விசாரணை வைத்து, அவள் பக்கத்தையும் கேட்டிருக்க வேண்டும்.

"உங்களை யாராவது கேட்டாங்களா?" என்றார் பசுபதி.

ஒன்பது வருஷம் உழைத்த இடத்தில் ஒருத்தராவது, நீ எடுத்தியா என்றுகூடக் கேட்கவில்லை. எடுக்கவில்லை என்று சொல்லவாவது ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கலாம். அதுதான் தன்னை இத்தனை நாளாக அறுத்துக்கொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் உண்ணாமலைக்கே தெரிந்தது. "கேக்கலீங்க" என்றாள்.

பசுபதி மனுப் போட்டார். வேலூர் லேபர் ஆபீசர் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். அங்கேதான் மில் ஒரு கடிதத்தை எடுத்து நீட்டியது. நாங்கள் நீக்கவே இல்லை, அவளே ராஜினாமா செய்துவிட்டாள், இதோ அவள் ரேகை என்றது. சமரசம் ஆகவில்லை, வழக்கு மெட்ராஸ் லேபர் கோர்ட்டுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை பசுபதி கடிதத்தின் போட்டோஸ்டாட் நகலை வகுப்பில் படித்துக் காட்டினார். உண்ணாமலை நகலை வாங்கிப் பார்த்தாள். உச்சியில் பிள்ளையார் சுழி, அடியில் அவள் ரேகை. நடுவில் ஐந்தே வரி. ரேகை வரை எட்ட வேண்டுமே என்று வரிக்கு வரி அத்தனை இடைவெளி விட்டு எழுதியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று ரேகை வைத்த வெள்ளைத்தாள் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ரேகை என்துதாங்க. எழுத்து அப்ப இல்ல."

"அதை நம்ம நிரூபிக்கணும். சும்மா சொன்னா எடுபடாது. தேதியைக் கேளுங்க. எழுபத்தேழு ஆடி மாசம், மூட்டை காணோம்னு சொன்ன அதே வாரம் வியாழக்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு நேரில் கொடுத்தேன்னு இருக்கு."

"அந்த வியாழக்கெழமையா? அன்னிக்குப் பத்து மணியிலேர்ந்து நான் கோர்ட்டு வராந்தாவுல இல்ல குந்தினு இருந்தேன்?"

பசுபதி கடிதத்தை மடியில் வைத்துவிட்டு அவளையே பார்த்தார். மறுநாள் முதல் வேலையாக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அந்த நாள் நடவடிக்கைக்கு நகல் கேட்டு மனுக் கொடுத்தார்.

மெட்ராஸ் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஆதிமூலம் ஏறி நின்றார், நெற்றி நிறைய விபூதியோடு. பசுபதி மாஜிஸ்திரேட் கோர்ட் நகலை நீட்டியதும் மில் வக்கீல் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் ஆள் கெட்டிக்காரர், உடனே எழுந்தார்.

"கடிதம் புதன்கிழமை காலையில் கொடுத்தது. நீங்க கைத்தவறுதலா வியாழக்கிழமைன்னு போட்டுட்டீங்க. சரிதானே?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். புதன் காலையில் உண்ணாமலை மில்லில்தான் இருந்தாள். அந்த ஒரு சொல்லில் வேலையும் போகும், பெயரும் போகும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

ஆதிமூலம் முதலாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இல்லீங்க. புதன் நவமிங்க. நவமியில நான் தேதி போடறது இல்லீங்க."

"நவமியா இருந்தா இன்னா? தவறுதலா..." என்று இழுத்தார் மில் வக்கீல்.

"முப்பது வருஷமா போட்டது இல்லீங்க. முதலாளி புதன்னுதான் போடச் சொன்னாரு. நான்தான் பஞ்சாங்கம் பார்த்து, தசமியில நல்ல நேரமா வச்சேன்."

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பஞ்சாங்கம் பார்த்து எழுதினது எப்போ?"

ஆதிமூலம் தலையைக் குனிந்துகொண்டு, "போன வருஷம் தையிலீங்க, இந்தம்மா மனுப் போட்டதுக்கு அப்புறம்" என்றார்.

வாய் தவறி உளறினாரா, தெரிந்தேதான் சொன்னாரா என்பது உண்ணாமலைக்குக் கடைசி வரை விளங்கவில்லை. பொய்ச் சாட்சியாக முடிந்திருக்கும் என்று நீதிபதி அவரைக் கடுமையாகத் திட்டினார். இரண்டு மாதத்தில் தீர்ப்பு வந்தது. ராஜினாமா பொய், விசாரணை இல்லாத நீக்கம் செல்லாது, அவளை அதே வேலையில் திரும்பச் சேர்க்க வேண்டும்.

தீர்ப்பு நகலோடு அவள் போன அன்று ஆதிமூலம் அதே மேஜைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். முதலாளி அவரோடு பேச்சை நிறுத்தி மூன்று மாசம் ஆகிறதாம்.

"என் வேலையும் ஆடிக்கினு கீது உண்ணாமல. எப்ப வெளிய போன்னு சொல்லுவாரோ தெரியல."

"கேக்காம அனுப்ப முடியாதுங்க. உங்களுக்கும் எழுதிக் குடுக்கணும், விசாரணை வைக்கணும். ஞாயித்துக்கெழமை சைக்கிள் கடை மாடிக்கு வாங்க, பசுபதி சார் சொல்லுவாரு."

அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. சேர்க்கைக் கடிதத்துக்குத் தாளை எடுத்துப் பிள்ளையார் சுழி போட்டார். சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்ததும் பேனா நின்றுவிட்டது.

"இன்னிக்கு அஷ்டமிம்மா. நாளன்னிக்கு வாயேன். தசமியா போட்டுடறேன்."

உண்ணாமலை நகரவில்லை. மூன்று வருஷமாக யாரோ குறித்த தேதிக்கெல்லாம் வந்து போனவள்.

"நான் வந்து நிக்கறது இன்னிக்கித்தானுங்க. இன்னிக்கித் தேதியே போடுங்க."

ஆதிமூலம் அவளை நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அஷ்டமித் தேதியை எழுதினார். எழுதி முடித்து, அவள் கேட்பதற்கு முன்பே முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தார். அவள் கட்டைவிரலில் மையைத் தொட்டு, கடைசி வரியை ஒட்டி அழுத்தி வைத்தாள்.