நோட்டில் போடாத கட்டம்

பலா மரத்தில் பேய் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த அறிவியல் டீச்சர் நான். வந்த புதிதில் இதற்காகவே ஊர்க்காரர்களிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

பத்தாம் வகுப்பு கடைசி அறையில் நடந்தது. ஜன்னலை ஒட்டிப் பலா மரம். எப்போதோ ஒரு பெண் அதில் தூக்குப் போட்டுக்கொண்டதாகப் பேச்சு. அந்த வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று முறை கண் செருகி விழுந்துவிட்டாள். வலிப்பு இல்லை, உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். காத்து கருப்புதான் என்று முடிவுகட்டிய அவள் அப்பா, மிளகுக்கொடி வைத்திருக்கும் விவசாயி, படிப்பை நிறுத்தப்போவதாகச் சொன்னார். நன்றாகப் படிக்கிற பெண். இரண்டு வாரம் பொறுங்கள், மரத்தில் ஒன்றும் இல்லை என்று நிரூபித்துக் காட்டுகிறேன் என்றேன்.

ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். அறை, இருக்கை, ஜன்னல், மணி, காலையில் சாப்பிட்டாளா. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நானே நடத்துகிற பாடம். எதற்காக மாற்றுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்தால் பயமே வேலையைக் காட்டிவிடும். அதனால் தரை பூசப்போகிறார்கள் என்று பொய் சொல்லி, மரம் கண்ணில் படாத முன் அறைக்கு வகுப்பை மாற்றினேன். புதன்கிழமை அங்கேயும் விழுந்தாள். அவளைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கும்போது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அடுத்த வாரம் வகுப்பு பழைய அறைக்குத் திரும்பியது. எனக்கு நாமக்கல்லில் மூன்று நாள் பயிற்சி. என் பாடவேளைகளைத் தமிழ் டீச்சர் பார்த்துக்கொண்டார். ஜன்னல் திறந்தே இருந்ததாம், அவள் விழவே இல்லையாம். வெள்ளிக்கிழமை நான் உள்ளே போய், வழக்கம்போல முதல் கேள்விக்கு அவளைத்தான் எழுப்பினேன். பதிலின் நடுவே வீடு என்பதை ஊடு என்றாள். "ஊடா?" என்று நானும் இழுத்தேன். அப்படிச் சீண்டினால்தான் வகுப்பு கலகலப்பாக இருக்கும் என்பது என் எண்ணம். எல்லோரும் சிரித்தார்கள். அவள் விழுந்தாள்.

அன்று சாயங்காலம் நோட்டைப் பிரித்து உட்கார்ந்தேன். மொத்தம் ஐந்து முறை. அறை வேறு, மணி வேறு. ஆனால் ஐந்துமே அறிவியல் பாடவேளை. ஐந்து முறையும் அவளை எழுப்பி நிற்கவைத்தது நான். எதையெதையோ மாற்றிப் பார்த்தவள், என்னை மட்டும் இருந்தபடியே வைத்திருந்தேன். டீச்சர் என்று ஒரு கட்டம் போடத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை காலையில் டி.சி. கேட்டு அவள் அப்பா விண்ணப்பத்தோடு வந்துவிட்டார். அவள் பின்னால் தலைகுனிந்து நின்றாள். நோட்டைக் காட்டி விளக்கினேன்: மரம் தெரியாத அறையில் விழுந்தாள், மரத்தடி அறையில் மூன்று நாள் விழவில்லை. அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அப்ப மரத்துல இல்லீங்களா டீச்சர்?"

"இல்லீங்க."

அவர் விண்ணப்பத்தை என் பக்கம் நீட்டினார். "அப்படின்னா எம்புள்ள மேலதானுங்க இருக்குது. ஊட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேனுங்க."

மரத்தைக் காப்பாற்றப் போய் அவளை மாட்டிவிட்டிருந்தேன்.

"அவ மேல இல்லீங்க. நான்தான் காரணம். நான் எழுப்பிவிட்டுக் கேலி பண்ணும்போதுதான் விழறா."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"நெசமா கண்ணு?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர் விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இத்தனை நாள் அந்தப் பலா மரத்தைத்தான் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்.