தேய்ந்த எஞ்சினோடு மேனகா

ஏறிய கியரிலேயே இறங்கு என்பது கொல்லிமலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அரிச்சுவடி. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும்; கியரைக் குறைத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மலைமேல் தேவனூர் நாட்டுப் பழனிமுத்துவின் மகள் மேனகா, அப்பாவின் பிக்கப்பில் மிளகும் பலாவும் ஏற்றி இறங்கத் தொடங்கிய நாளிலிருந்து அது அவள் இடது கையில் ஊறிப்போயிருந்தது. வளைவு கண்ணில் படுமுன்பே கை கியரைக் குறைத்திருக்கும். "பொட்டப்புள்ள மலையில வண்டி ஓட்டறதா?" என்று கேட்டவர்களின் மூட்டைகளும் இன்று அவள் வண்டியில்தான் சந்தைக்குப் போகின்றன. கேட்டதை அவர்கள் மறந்துவிட்டார்கள். அவள் மறக்கவில்லை.

அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் சரக்கை இறக்கிவிட்டு, மேலே கொண்டுபோகச் சாமான் ஏறும்வரை காத்திருக்கும் மத்தியானங்களில் வேல்முருகனின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போவாள். முன்பக்கம் பரீட்சை முடிவும் ஆதார் திருத்தமும். பின்னறையில் ஸ்டியரிங்கும் பெடலும் கியரும் பொருத்திய இரண்டு கம்ப்யூட்டர்கள், அவற்றில் கார் பந்தய விளையாட்டு. அக்கம்பக்கத்துச் சென்டர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு தொடர்பந்தயம் நடத்தின. சென்டருக்கு இரண்டு கார். வேல்முருகனின் அணியில் ஒன்றை லாரிப் பட்டறையில் வேலை செய்யும் கோகுல் ஓட்டினான். மற்றது மேனகாவுடையது.

அந்த விளையாட்டில் எஞ்சின் நிஜம்போலவே தேயும். ஒரு பந்தயத்தில் தேய்ந்தது அடுத்ததற்கும் கூடவே வரும். தேயத் தேய இழுவை குறையும். பழையபடி ஆக்க எஞ்சினை இறக்கி வேலை பார்க்க வேண்டும். தொடர் முழுவதற்கும் ஓர் அணிக்கு இரண்டு முறைதான் அந்த வாய்ப்பு. முதல் முறை மேனகாவின் காருக்கே போயிற்று. அப்படியும் சில பந்தயங்களுக்குள் நேர்ச்சாலையில் ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள்.

"என்னக்கா, மாட்டுவண்டியாட்டம் போகுது?" என்று கோகுல் சிரித்தான்.

வேல்முருகன் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துக் கட்டினார். கம்ப்யூட்டருக்குள் ஓடும் எஞ்சினுக்கு வெளியே தொங்கும் எலுமிச்சம்பழம்! அதுவும் போதாதென்று குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நெனைக்காத அம்மிணி. அந்த மூணு நாளு ஸ்டியரிங்கத் தொடாம இருந்தாத் தேவலை. கடைசிப் பந்தயத்துக்கு என்ற மச்சினன ஓட்டச் சொல்லலாம்னு இருக்கறேன்."

"கம்ப்யூட்டருக்குத் தீட்டு தெரியுமாங்கண்ணா? உங்க ஊட்டு விசேஷத்துக்குப் பலாப்பழம் நான் அந்த நாள்லதான் எறக்கினேன். தித்திக்கலீங்களா?"

"அக்காவுக்கு எஞ்சின் தேஞ்சாலும் வாய் தேயாதுங்க," என்றான் கோகுல்.

ஒரு பழுதுக்குப் பெண்ணின் உடம்பைக் காரணமாகச் சொல்வதில் பெரிய வசதி இருக்கிறது. அதற்குமேல் யாரும் எதையும் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. மேனகா சோதித்தாள். பயிற்சிக்கென்று இருந்த பாதையில் முதலில் தன் வழக்கப்படியே ஓட்டி, தேய்மானம் எவ்வளவு என்று பார்த்தாள். பிறகு அதே பாதையில் அதே தூரம், முதலில் பிரேக்கை மிதித்து, வேகம் அடங்கிய பின்னரே கியரைக் குறைத்து ஓட்டினாள். தேய்மானம் பாதியாகக் குறைந்திருந்தது. மீண்டும் பழைய வழக்கப்படி ஓட்டியபோது எஞ்சின் சுற்றைக் காட்டும் முள்ளின்மேல் கண் வைத்தாள். அவள் கை கியரைக் குறைக்கும்போதெல்லாம் முள் சிவப்புக்குள் பாய்ந்தது.

எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து வேல்முருகனின் மேசைமேல் வைத்தாள்.

"தப்பு இருக்குதுங்கண்ணா. அது என்ற கையில இருக்குது. மலையில மெதுவா வாரோம், கியரக் கொறைச்சா வண்டி நிக்குது. இங்க பறக்கற வேகத்துல கொறைச்சா எஞ்சின் அலறிச் சாகுது. கையில இருக்கற தப்ப மாத்திக்கலாம். பொறப்புலயே தப்புன்னு சொன்னா எதைங்க மாத்தறது?"

வேல்முருகன் பழத்தை உருட்டிக்கொண்டிருந்தார். "செரி. ஆனா மிச்சமிருக்கற எஞ்சின் வேலை கோகுல் காருக்குத்தான்."

"பண்ணுங்க. நான் தேஞ்சதையே ஓட்டறேன். என்ற காரை மட்டும் மச்சினனுக்குக் குடுக்காதீங்க. கோகுலுக்குப் பின்னால வந்தேன்னா நானே எந்திரிச்சுப் போயிடறேன்."

"புது எஞ்சினுக்கு முன்னாலயாக்கா?" என்று கோகுல் பரிதாபப்பட்டான்.

கடைசிப் பந்தயம் வளைவுகள் நிறைந்த பாதையில். தொடங்கியதுமே கோகுல் அம்பாகப் போய்விட்டான். முதல் வளைவில் மேனகாவின் இடது கை தானாகக் கியருக்குப் போயிற்று. அதை இழுத்து ஸ்டியரிங்கில் வைத்தாள். பிரேக். முள் இறங்கியது. இப்போது கியர். பல வருடம் உயிரைக் காத்த கையோடு ஒவ்வொரு வளைவிலும் சண்டை போட வேண்டியிருந்தது. அவளை யாரோ திட்டுவதுபோலப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

நேர்ச்சாலையில் அவளிடம் இழுவை இல்லை. இரண்டு பேர் தாண்டிப் போனார்கள். வளைவில் அவர்களைத் திரும்பப் பிடித்தாள். கொண்டை ஊசி வளைவில் எந்த இடத்தில் உள்ளே திரும்பினால் வண்டி அகலாமல் ஒட்டி வரும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் கோகுலின் கார் தெரிந்தது. புது எஞ்சினின் பவிசில் வேகத்தை அடக்காமல் வளைவுக்குள் நுழைந்து, ஒவ்வொரு தடவையும் ஓரத்து மண்ணுக்கு அகன்றுகொண்டிருந்தான். கடைசிச் சுற்றின் கடைசி வளைவிலும் அகன்றான். உள்பக்கம் ஒரு கார் நுழையும் அளவுக்கு இடம் கிடைத்தது. மேனகா நுழைந்தாள். எல்லைக்கோடு வரை அவன் எஞ்சின் அவளைத் துரத்தியது, பிடிக்கவில்லை.

"அட, அக்கா!" என்று கத்திக்கொண்டே கோகுல் எழுந்துவிட்டான். தோற்றவனின் குரலில் அத்தனை சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

திரையில் பட்டியல் வந்தது. இரண்டாம் இடம்: மேனகா பழனிமுத்து, தேவனூர் நாடு. வேல்முருகன் பரபரவென்று செல்போனை எடுத்துக் கோகுலிடம் கொடுத்து, "நம்ம சென்டர் பேரு தெரியறாப்பல ஒரு போட்டோ எடு சாமி," என்று திரைக்கு முன்னால் போய் நின்றார். "அம்மிணி, அடுத்த சீசனும் அந்தக் கார் உன்றதுதான், செரியா?"

மேனகா எழுந்திருக்கவில்லை. தன் இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"செரிங்கண்ணா. கொஞ்சம் நகருங்க, என்ற பேர மறைக்கறீங்க."