மருமகள் தலையில் அடித்த சத்தியம்

நான் ஓட்டைவாய். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. காரைக்குடியில் பத்திர ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறக்கும்போது என் காதில் விழுந்த சேதி பதினொரு மணி டீக்குள் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியிருக்கும். என் தம்பிக்கு என்னிடம் எதையும் சொல்லப் பயம். தம்பி பெண்டாட்டிக்கு அதைவிடப் பயம். அப்பேர்ப்பட்ட என்னிடம், ஒரு விஷயத்தை வெளியே விடக் கூடாது என்று சத்தியம் வாங்கினார்கள். அதுவும் யார் தலையில்? என் மருமகள் தலையில். அதாவது தம்பி மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது.

அவளுக்கு ரத்தப் புற்றுநோய். கேட்ட அன்று அழுத அழுகையை எழுதப் போவதில்லை, அது எல்லா வீட்டிலும் ஒரே அழுகைதான். வைத்தியம் மதுரையில். தம்பிக்கு அரசாங்க வேலை, வாராவாரம் லீவு கிடைக்காது. நான் கடையைச் சாத்திவிட்டு அவளோடும் அவள் அம்மாவோடும் பஸ் ஏறிவிடுவேன். முதல் மாதம் கொடுத்த ஒரு மாத்திரையால் பிள்ளைக்குப் பசியோ பசி. விடிவதற்குள் எழுந்து உட்கார்ந்து, "வெள்ளைப் பணியாரம் வேணும், மொளகாச் சட்னி வேணும்" என்று கத்துவாள். பதினெட்டுப் பணியாரம் தின்றுவிட்டு, "மத்தியானத்துக்கு என்ன?" என்பாள். நாங்கள் அழ வேண்டிய அந்த மாதத்தில் அடுப்படியில் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மருந்துகளுக்கு நடுவே ஒரு ஊசி உண்டு. அது ஏதோ ஒரு கிருமியிலிருந்து எடுக்கிற நொதியாம். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அந்தக் கெட்ட அணுக்களுக்கு ஒரு சத்து வேண்டும், அதைத் தானாகச் செய்துகொள்ளத் தெரியாது, ரத்தத்திலிருந்துதான் எடுத்துத் தின்னும். இந்த ஊசி ரத்தத்தில் அந்தச் சத்தே இல்லாமல் செய்துவிடும், அவை பட்டினி கிடந்து சாகும். "எங்க ஊருல வீட்டுக்கு வந்தவனைப் பட்டினி போட்டதாச் சரித்திரமே இல்லீங்க டாக்டர், இவனுக்கு மட்டும் போடுங்க" என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

அப்படியே ஒரு தாளும் கொடுத்தார். ஊசிக்குப் பின் தடிப்பு, அரிப்பு, முகவீக்கம், மூச்சு முட்டல் எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. நான்தான் அதை என் கடையில் லேமினேஷன் பண்ணி, தம்பி வீட்டு பிரிட்ஜ் மேல் ஒட்டினேன். என்ன பிரயோஜனம்? அதன் மேல் பால் கணக்குச் சீட்டைச் சொருகி வைத்துவிட்டார்கள்.

முதல் மாதம் அந்த ஊசி போட்டபோது ஒன்றும் ஆகவில்லை. சில மாதம் இடைவெளி விட்டு மறுபடி போட்டார்கள். ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துப் பார்த்தபோதும் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து, பொழுது சாயும் நேரத்தில், பிள்ளை தொடையைச் சொறிந்தாள். பிறகு வயிறு. பிறகு முதுகு. பார்த்தால் உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்துக் கிடக்கிறது.

"காணாக்கடி!" என்றாள் அவள் அம்மா.

எங்கள் பக்கம் இப்படித் திடீரென்று உடம்பு தடித்தால் அது காணாக்கடிதான். கடித்த பூச்சியை யாரும் கண்டதில்லை, ஆனால் கடித்தது நிச்சயம். எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு போட்டோ எடுத்து, "பிள்ளைக்குக் காணாக்கடி, என்ன பண்ணலாம்?" என்று சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன். இரண்டு தெரு தள்ளி ஒரு ரிட்டயர்ட் பஸ் டிரைவர் விஷக்கடிக்கு மந்திரிப்பார். அவர் வந்து, வேப்பிலையால் தலையிலிருந்து கால்வரை தடவி, ஐந்து மிளகைக் கொடுத்து மெல்லச் சொன்னார். "ஆத்தீ, உறைக்குது!" என்று பிள்ளை துப்பினாள். "உறைச்சாச் சரி, விஷம் ஏறலை" என்று சொல்லிவிட்டுப் போனார். காலையில் தடிப்பு இல்லை. எல்லோருக்கும் மகா சந்தோஷம்.

நான்தான் பிரிட்ஜைத் திறக்கப் போய், பால் சீட்டைத் தள்ளிவிட்டு அந்தத் தாளைப் படித்தேன். அதைப் பிய்த்துக்கொண்டு அவள் அம்மாவிடம் ஓடினேன்.

"ஏத்தா, இதுல தடிப்புன்னு போட்டிருக்கே. டாக்டருக்கு ஒரு போன் போட்டுருவமா?"

"மதினி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வாயத் தொறக்காதீக" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது பூச்சிக்கடி. இதப் போயிச் சொன்னா ஊசிய நிப்பாட்டிருவாக. போன தடவ காய்ச்சல்னு ரெண்டு வாரம் நிப்பாட்டுனப்பவே நான் செத்துப் பொழச்சேன். ஊசி நின்னா எம்புள்ள என்னாத்துக்கு ஆகும்?"

அவள் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. என் கையை இழுத்து, பணியாரம் தின்றுகொண்டிருந்த பிள்ளையின் மொட்டைத் தலையில் வைத்தாள். "சத்தியம் பண்ணுங்க. டாக்டர்கிட்டச் சொல்ல மாட்டேன்னு."

"மெதுவா அடிங்க அயித்தை" என்றாள் பிள்ளை, வாய் நிறையப் பணியாரத்தோடு.

அடித்தேன். அந்தத் தலையின் சூடு என் உள்ளங்கையில் இன்றைக்கும் இருக்கிறது.

அடுத்த ஊசிக்கு இரண்டு வாரம் கழித்துப் போனோம். டாக்டரம்மா வழக்கம்போலக் கேட்டார்: "போன ஊசிக்கு அப்புறம் ஏதாச்சும் பண்ணுச்சா? அரிப்பு, தடிப்பு?"

"ஒண்ணுமில்லீங்க டாக்டர்" என்றாள் அம்மா.

பிள்ளை என்னைப் பார்த்தாள். என் ஆயுசில் முதல் தடவையாக எனக்கு வாய் வரவில்லை. தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்குத்தான் கேடு என்று கேட்டு வளர்ந்தவள் நான். அதை நம்புகிறவளும்கூட. சொன்னாலும் இவளுக்கு ஆகாது, சொல்லாவிட்டாலும் ஆகாது. நர்ஸ் தட்டில் ஊசியை வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். சட்டைக் கையை மடித்தார்.

"டாக்டர், நிப்பாட்டச் சொல்லுங்க!"

அந்தக் கத்தலில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் அணை உடைந்தது. தடிப்பு, வேப்பிலை, மிளகு, டிரைவரின் மீசை வரை கொட்டித் தீர்த்தேன். டாக்டரம்மா திட்டுவார் என்று பார்த்தால், "எப்படி இருந்துச்சு, சொல்ல முடியுமா?" என்று மட்டும் கேட்டார். சொல்வதென்ன, போட்டோவே இருந்தது. சத்தியத்துக்கு முந்தின நாளே முப்பத்திரண்டு பேருக்கு அனுப்பியாயிற்றே!

போனை வாங்கிப் பார்த்தவர், நர்ஸிடம் ஊசியைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னார். ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

பஸ்ஸில் தம்பி பெண்டாட்டி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "எம்புள்ள தலையில அடிச்சீகளே மதினி." அவள் நாலு நாள் பேசவில்லை. நானும் கடையில் யாரிடமும் பேசவில்லை. "என்னக்கா, தொண்டை கட்டிருச்சா?" என்று கேட்டவர்களிடம் தலையாட்டிவிட்டு, மிஷினுக்குப் பின்னால் போய் அழுதேன். பயம்தான். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்தக் கையை வெட்டிப் போட்டாலும் தீராது என்ற பயம்.

ஐந்தாம் நாள் மத்தியானம், கடையில் கூட்டம் நெரிகிறபோது அவள் ஓடி வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். வந்தவள் கவுண்டரைச் சுற்றிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"டாக்டரம்மா போன் பண்ணுனாக. அந்த ஊசி வேலையே செய்யலையாம் மதினி! உள்ள போனதும் உடம்பு அத எதிரின்னு நெனச்சு ஒழிச்சுப்புட்டதாம். நாம பாட்டுக்குப் போட்டுக்கிட்டே இருந்தா வெறுந்தண்ணி போட்ட மாதிரித்தானாம். இல்லாட்டி அன்னைக்கு அந்த ஊசியப் போட்டதுமே மூச்சு முட்டியிருந்தாலும் முட்டியிருக்குமாம்!"

"இப்ப என்ன செய்யிறதாம்?"

"வேற கிருமியிலருந்து எடுத்த மருந்து இருக்காம். உடம்புக்கு அது புது ஆளு, உள்ள விட்டுருமாம். சொல்லி வரவழைக்கிறாக. அது வந்து சேர்ற வரைக்கும் மத்த வைத்தியம் நடக்குமாம்." அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்ட்டீகளா?" என்றாள்.

நான் சாப்பிட்டிருக்கவில்லை. பத்திரத்தை ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களை நிற்கவைத்துவிட்டு, இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் தயிர்ச்சோறு தின்றோம்.

புது மருந்தில் ஒரே கஷ்டம், அதை வாரத்துக்கு மூன்று முறை போட வேண்டும். பிள்ளை என்னை முறைத்தாள். "எல்லாம் உங்க வாயாலதான் அயித்தை. ஒண்ணுக்கு மூணு." ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் நான் அவள் கையையும் முதுகையும் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன், கூச்சத்தில் நெளிவாள். ஒரு புள்ளி கிடையாது. ரத்தத்தைப் பார்த்த டாக்டரம்மா, மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று சொன்ன அன்று, தெரு முழுக்கவும், இரண்டு தெரு தள்ளி அந்த டிரைவர் வீட்டுக்கும் பணியாரம் கொடுத்தோம்.

இப்போது எல்லா மருந்தும் நின்றுவிட்டது. பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். போன வாரம் சாயங்காலம் கடைக்கு வந்தவள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு பேப்பரைக் காட்டினாள். கணக்குப் பரீட்சை. நூற்றுக்குப் பன்னிரண்டு. என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தாள். அடர்ந்து சுருண்ட முடி, விரல் உள்ளே போக மறுத்தது.

"சத்தியம் பண்ணுங்க அயித்தை. அம்மாகிட்டச் சொல்ல மாட்டேன்னு."

"ஏன்டி, உன் தலையில அடிச்ச சத்தியத்த நான் காப்பாத்துன லட்சணம் உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள். "இருந்தாலும் பண்ணுங்க."

பண்ணினேன். அவள் தெரு முனை திரும்பியதும் போனை எடுத்து அவள் அம்மாவுக்குப் போட்டேன்.