கல்லுக்காணி

நெடுந்தீவில் தவமலருக்குக் கலியாணம் பேசியபோது, தகப்பன் இருந்த இரண்டு காணிகளையும் காட்டி, சீதனமாக எது வேணும் என்று அவளிடம்தான் முதலில் கேட்டார். அவள் கேட்டதைத் தர அவர் தயங்கவும், மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து, கிணறும் பனைகளும் நின்ற காணியைத் தன் பேரில் எழுதுவித்துக்கொண்டாள். ஆடுகூட மேயாத கல்லுக்காணி தங்கச்சி சுலோஜனாவுக்குப் போனது.

முப்பத்தைந்து வருடம் கழித்து, வெயிலில் மின்சாரம் எடுக்க இடம் தேடி ஒரு எஞ்சினியர் வந்தார். மரமில்லை, நிழலில்லை என்று கல்லுக்காணியையே குத்தகைக்கு எடுத்தார். தவமலருக்கு வயிறு பற்றி எரிந்தது.

"தம்பி, என்ர காணியையும் வந்து பாருங்கோ. பனையெல்லாத்தையும் தறிச்சுத் தாறன்."

"பனை தறிக்கிறதெண்டா அனுமதி எடுக்கோணும் அம்மா. எங்களுக்கு இந்த இடமே போதும்."

அன்றிலிருந்து காவோலை விழுந்தாலும் பனையைத் திட்டினாள். வானம் கறுத்து மழை இருட்டினால் மட்டும் அவள் மனம் குளிர்ந்தது.

திறப்பு விழாவன்று சோலார் பனல்கள் வரிசையாக மினுங்கின. சுலோஜனாவின் புதுச் சேலையும் மினுங்கியது. விளக்கேற்றக் கூப்பிட்டதும், அவள் ஓடிவந்து தவமலரின் கையைப் பிடித்தாள்.

"முதல் திரியை என்ர அக்கா கொளுத்தட்டும். இந்தக் காணியை எனக்கெண்டு விட்டுத் தந்தது அவதான்."

சனம் கைதட்டியது. "உங்கட மனசு ஆருக்கம்மா வரும்!" என்றார் எஞ்சினியர்.

தவமலர் தங்கச்சியின் முகத்தில் நக்கலைத் தேடினாள். ஒரு துளியும் இல்லை. இருந்திருந்தாலாவது நாலு கேள்வி கேட்டிருப்பாள்.